டிஸ்டர்ப்ட், அப்செட், ஆங்க்ஷஸ்: எந்தக் கலக்கத்துக்கு எந்தச் சொல்?

இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் என்ற ஊரில் ஒரு கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்தில் எழுத்து வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தந்தை போன விசைப்படகு ஒருநாள் குறித்த நேரத்துக்குக் கரை திரும்பவில்லை. மறுநாள் வேலைக்கு வர இயலாது என்று மேலாளருக்கு ஆங்கிலத்தில் எழுதியபோது, தம் நிலையைச் சொல்ல 'ஐ ஆம் வெரி டிஸ்டர்ப்ட்' என்று எழுதினார். படகு பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அவர் வேலைக்குத் திரும்பிய அன்று மேலாளர் தனியே அழைத்து, மருத்துவர் யாரையாவது பார்க்க வேண்டுமா, நீண்ட விடுப்பு ஏதும் வேண்டுமா என்று மிகுந்த கனிவோடு விசாரித்திருக்கிறார். அகராதியைப் புரட்டினால் அன்ஈஸி, ஆங்க்ஷஸ், வொரீட், நெர்வஸ், அப்செட், டிஸ்ட்ரெஸ்ட், டிஸ்டர்ப்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் எதிரே கவலை, கலக்கம், சஞ்சலம் என்று அதே சில தமிழ்ச் சொற்கள்தாம் மாறி மாறி நிற்கின்றன. இவற்றில் எது குறைவு, எது அதிகம் என்று வரிசைப்படுத்திச் சொல்லுங்கள் என்கிறார்.

வரிசை கேட்டிருக்கிறார் என்றாலும் அவருக்கு வேண்டியது வரிசை இல்லை என்றே நினைக்கிறேன். தம் மனத்தில் இருந்தது ஒன்று, படித்தவர் புரிந்துகொண்டது இன்னொன்று. அந்த இடைவெளி எந்த இடத்தில் விழுந்தது என்பதே அவர் அறிய விரும்புவது. காய்ச்சலை அளப்பதுபோல் இந்தச் சொற்களை நூறு, நூற்றொன்று என்று அடுக்கிவிட முடியாது. தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் நான் கண்டது, இச்சொற்கள் அளவைவிட நோக்கால்தான் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன என்பது. நடந்துவிட்டதை நினைத்து வரும் கலக்கமா, நடக்கப் போவதை நினைத்து வரும் கலக்கமா. காரணத்தைச் சுட்டிச் சொல்ல முடிகிறதா, முடியவில்லையா. கலங்குகிறவர் தாமே ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டிய நிலையில் இருக்கிறாரா, கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க மட்டுமே முடிகிறவரா. கலக்கம் உள்ளே இருக்கிறதா, பார்க்கிறவர் கண்ணுக்கும் தெரிகிறதா. இவற்றுக்கு விடை கிடைத்தால் பெரும்பாலும் சொல் தானாக வந்து நிற்கும். பெரும்பாலும் என்கிறேனே தவிர எப்போதும் என்று சொல்லவில்லை. சில சொற்களின் எல்லை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே தகராறில் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் டிஸ்டர்ப்ட். தமிழ்ப் பேச்சில் இது மிகவும் சாதுவான சொல். 'படிக்கிற பிள்ளையை டிஸ்டர்ப் பண்ணாதே' என்றால் இடையூறு செய்யாதே என்று பொருள். 'அந்தச் செய்தி என்னை ரொம்ப டிஸ்டர்ப் பண்ணிவிட்டது' என்றால் மனத்தைக் கலைத்துவிட்டது என்று பொருள். ஆங்கிலத்திலும் வினையாக வரும்போது இவ்விரு பொருளும் உண்டு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், காரணம் எதுவும் கூட வராமல் அது பெயரடையாகி ஒரு மனிதர்மேல் ஏறி உட்காரும்போது. 'டிஸ்டர்ப்ட் பை த ரிப்போர்ட்' என்று காரணத்தோடு வந்தால் ஐயத்துக்கு இடமில்லை; அந்த அறிக்கையில் இருந்த முறைகேடோ கொடுமையோ அவரை உலுக்கியிருக்கிறது, எவரையும் உலுக்கக்கூடிய ஒன்று அது என்ற தொனியும் அதில் இருக்கும். 'ஹி இஸ் டிஸ்டர்ப்ட்' என்று மொட்டையாக நின்றாலோ, அவருடைய மனநிலை குலைந்திருக்கிறது என்பதுதான் படிப்பவருக்கு முதலில் தோன்றும் பொருள். 'வெரி' என்ற சொல் சேர்ந்தபோது மேலாளரின் ஐயம் இன்னும் கூடியிருக்கும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் படித்ததைத்தான் புரிந்துகொண்டார்.

நம் மாவட்டத்துக்காரர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டும் என்பது என் சொந்த எண்ணம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகு, மனநோய் பற்றிய பேச்சில் சொற்களும் கணக்கில் வரத் தொடங்கின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 'மனநோய் உள்ள நபர்' என்று பொருள்படும் தொடரைத்தான் ஆளுகிறது. 'மென்டலி டிஸ்டர்ப்ட்' என்பது நோயின் பெயரும் இல்லை, நாகரிகமான குறிப்பும் இல்லை; அதை நோயுள்ளவர்மேலும் ஒட்ட வேண்டாம், ஒருநாள் இரவு தூக்கமின்றித் தவித்த நம்மேலும் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் அன்றைக்கு அவர் எழுதியிருக்க வேண்டிய சொல் வொரீட். 'வீ ஆர் வெரி வொரீட் அபவுட் மை ஃபாதர். ஹிஸ் போட் இஸ் ஓவர்டியூ' என்று எழுதியிருந்தால் போதும். கலக்கத்துக்குக் காரணம் உண்டு, அதற்குப் பெயர் சொல்ல முடிகிறது, முடிவு இன்னும் தெரியவில்லை, வீட்டில் இருப்பவர்களால் காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய இயலாது. இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் வொரீட்டைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை. அலுவலகக் கடிதத்துக்கு அது சற்று வீட்டுப் பேச்சாக ஒலிக்கிறதே என்று தயங்குகிறவர்கள் ஆங்க்ஷஸ் என்று எழுதுவார்கள், அதுவும் சரியே. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இச்சொற்களின் வால் முக்கியம். வொரீட் என்றால் கவலைப்படுகிறவர், வொரியிங் என்றால் கவலை தருவது. 'ஐ ஆம் வெரி வொரியிங்' என்று எழுதினால், ஊரார் கவலைப்படும்படி நாம் இருக்கிறோம் என்று பொருளாகிவிடும். டிஸ்டர்ப்ட், டிஸ்டர்பிங் இரண்டுக்கும் இதே கதைதான்.

வொரீட்டுக்கும் ஆங்க்ஷஸுக்கும் என்ன வேறுபாடு என்பது நியாயமான அடுத்த கேள்வி. வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே கழுத்தைப் பிடித்த சொற்கள். பழைய ஆங்கிலத்தில் வொரி என்பதன் மூலச்சொல்லுக்குக் குரல்வளையை நெரித்தல் என்று பொருள்; பிறகு நாய் ஆட்டைக் கழுத்தில் கவ்விக் குதறுவதைக் குறித்தது. கால்நடைகளை நாய்களிடமிருந்து காக்கப் பிரிட்டனில் 1953இல் வந்த சட்டம்கூட 'நாய் கால்நடையை வொரி செய்தால்' என்றுதான் பேசுகிறது. மனிதர் தமக்குள் கவலைப்படுதல் என்ற பொருள் அச்சொல்லுக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆங்க்ஷஸ் லத்தீனில் நெருக்குதல், மூச்சடைக்கச் செய்தல் என்ற வினையிலிருந்து வந்தது. கடும் மனவேதனையைச் சொல்லும் ஆங்குவிஷ் அதற்கு உறவு. 'நெஞ்சை அடைக்குது' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதற்கு மிக அருகில் இருக்கிறது இது. ஆனால் பிறப்பைக் கொண்டு இன்றைய பொருளை முடிவுகட்டுவது ஆபத்து. நெர்வஸ் என்ற சொல் தொடக்கத்தில் நரம்பும் தசைநாரும் முறுக்கேறிய, வலிமையான என்ற பொருளில் வந்தது, இன்று நேரெதிராக நிற்கிறது. எனவே வேர்களை நினைவில் நிற்பதற்காக மட்டும் சொல்கிறேன். இன்றைய வழக்கில் வொரி பெரும்பாலும் எண்ணத்தின் வேலை. ஒரே விஷயத்தை மனம் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கும். ஆங்க்ஷஸ் எண்ணத்தோடு உடம்பையும் சேர்த்துக்கொள்ளும், காரணம் தெளிவாக இல்லாதபோதும் வரும், எதிர்பார்த்துக் காத்திருக்கும் தவிப்பை இன்னும் நன்றாகச் சொல்லும். இந்த வேறுபாடு உண்மை, ஆனால் மெல்லியது. பத்து வாக்கியங்களை எடுத்தால் பலவற்றில் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அன்ஈஸி வேறு சாதி. பாம்பன் ஜெட்டியில் வயதான சம்மாட்டி (படகின் சொந்தக்காரர்) ஒருவர் நின்று கடலைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று விழுந்து கிடக்கிறது, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படவில்லை, வானொலியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் 'என்னமோ சரியாப் படல' என்று சொல்லிவிட்டு அன்று படகை அனுப்பாமல் கட்டிப்போடுகிறார். ஏன் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அந்த நிலைக்குத்தான் அன்ஈஸி. காரணம் கைக்கு அகப்படாது, ஆனால் மனம் இளைப்பாற மறுக்கும். பிறகு முதலாம் எண் கூண்டு ஏறி, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தியும் வந்துவிட்டால் அவர் அன்ஈஸி என்ற நிலையைத் தாண்டிவிட்டார். இப்போது காரணம் தெரியும், எனவே வொரீட் அல்லது, வரப்போவதை எண்ணி அஞ்சுவதைச் சொல்லும் அப்ரிஹென்சிவ். (அந்தத் தாழ்வு மண்டலத்துக்கு ஆங்கிலத்தில் டிப்ரெஷன் என்று பெயர். மனநோயின் பெயராக அறிவதற்கு முன்பே நம் கரையில் பலருக்கும் அச்சொல் வானிலைச் செய்தியில் பழக்கம். மனத்தைப் பொறுத்தவரை டிப்ரெஷன் இங்கே நாம் பேசும் கூட்டத்தில் சேராது. அது தாழ்ந்து அமிழ்ந்த நிலை, இவையெல்லாம் அலைபாயும் நிலை.)

அன்ஈஸிக்கு இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, மனச்சாட்சி. ஏற்றுமதிச் சரக்கின் பெட்டியில் முந்தைய தேதியை ஒட்டச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினால், அந்த எழுத்தர் அதைச் செய்யத் தயங்கி 'ஐ ஃபீல் அன்ஈஸி அபவுட் திஸ்' என்று சொல்லலாம். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தை அது சொல்லவில்லை, 'மனசு ஒப்பல' என்று நாம் சொல்வதைச் சொல்கிறது. அதே இடத்தில் வொரீட் என்று போட்டால் பயம் முன்னுக்கு வந்துவிடும், மறுப்பு மங்கிவிடும். இரண்டாவது, அன்ஈஸி மனிதரை விட்டுச் சூழ்நிலைமேலும் ஏறும். ஊரில் மோதல் நடந்து அடங்கிய மறுநாள் ஆங்கில நாளிதழ்கள் 'அன்ஈஸி காம்' என்று எழுதுவது இதுதான். அமைதி இருக்கிறது, ஆனால் அது நிலைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். தமிழ் நாளிதழ்கள் இதையே 'அமைதி திரும்பினாலும் பதற்றம் நீடிக்கிறது' என்று இரண்டாகப் பிரித்து எழுதும்.

நெர்வஸ் என்ற சொல்லுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கலங்குகிறவர் தாமே ஒன்றைச் செய்து காட்ட வேண்டியவரா? பாம்பன் பாலத்தின் அடியில் நீரோட்டம் இழுக்கும் கால்வாய் வழியாக முதல்முறை சுக்கான் பிடித்துப் படகைக் கொண்டுபோகும் பையன் நெர்வஸ். கரையில் நின்று அவனைப் பார்க்கும் தாய் வொரீட் அல்லது ஆங்க்ஷஸ். நேர்காணலுக்குக் காத்திருப்பவர், மேடையேறப் போகிறவர், மணவறைக்குப் போகிறவர் எல்லாரும் முதல் கட்சி. கை வியர்ப்பது, நாக்கு வறள்வது, படபடப்பு எல்லாம் இதில் சேர்த்தி. வேலை தொடங்கியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டில் உட்கார்ந்து படகுக்காகக் காத்திருந்தவர் 'ஐ வாஸ் நெர்வஸ்' என்று எழுதினால் அது பெரிய பிழை ஆகாது, ஆனால் கலக்கம் சிறியதாக, உடம்பளவில் நின்றுவிட்டதாகத் தோன்றும். அப்ரிஹென்சிவ் என்பது சற்று ஏட்டு நடைச் சொல். வரப்போகும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை முன்கூட்டியே மனம் பற்றிக்கொள்வதைச் சொல்லும். அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் நோயாளி அப்ரிஹென்சிவ். 'வயித்துல புளியைக் கரைக்குது' என்பதற்கு நான் வகுப்பில் இதையே எழுதச் சொல்வேன். கரைப்பு பலமாக இருந்தால் ட்ரெட். ட்ரெட் வரும் இடத்தில் நம்பிக்கை ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும்.

அப்செட் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் பேசுகிறவர்கள் மிக அதிகமாகக் கடன் வாங்கியிருக்கும் சொல் இதுதான், மிகவும் வழுக்குவதும் இதுதான். வெகுகாலத்துக்கு முன் நிமிர்த்தி வைத்தலைக் குறித்த இந்தச் சொல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிழ்த்தல், கவிழ்தல் என்று பொருள் மாறியது. படகு கவிழ்ந்ததை 'த போட் அப்செட்' என்று எழுதினார்கள். மனம் கவிழ்வது அதற்கு அடுத்து வந்தது. கவிழ்ந்த பிறகுதான் கவிழ்ந்தது என்று சொல்ல முடியும் அல்லவா? அந்தக் குணம் இன்றும் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஏதோ நடந்துவிட்டது, அதனால் மனம் கெட்டுவிட்டது. படகு பத்திரமாக வந்தும் வலை அறுந்து போயிருந்தால் தந்தை அப்செட். தேர்வில் தவறியவர் அப்செட். ஆனால் படகு இன்னும் வராத இரவில் 'ஐ ஆம் அப்செட் தட் ஹிஸ் போட் இஸ் லேட்' என்று எழுதினால், தந்தையின் உயிருக்கு அஞ்சுவதாக அது ஒலிக்காது. தாமதமாக வருகிறாரே என்று மனத்தாங்கல் கொண்டதாக ஒலிக்கும். அந்த மனத்தாங்கல் இச்சொல்லில் எப்போதும் கொஞ்சம் கலந்தே இருக்கும். 'அப்செட் வித் மீ' என்றால் என்மேல் வருத்தமும் கோபமும் சரிபாதியாக இருக்கிறது என்று பொருள். 'மச்சான் என்மேல அப்செட்டா இருக்கார்' என்று நாம் பேசுவதும் இதே பொருளில்தான். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் வழக்கும் ஆங்கில வழக்கும் நன்றாக ஒத்துப்போகின்றன. அலுவலகத்தில் மேலதிகாரிக்கு எழுதும்போது மட்டும் இச்சொல்லை எண்ணிப் பயன்படுத்துங்கள், அது சிலர் காதில் சிணுங்கலாகக் கேட்கும்.

டிஸ்ட்ரெஸ் இந்தக் குடும்பத்தில் கனமான சொல். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அதன் கனத்தை விளக்க அகராதி வேண்டியதில்லை. கடல்வழி வானொலியில் அவசரச் செய்திகளுக்கு மூன்று படிகள் வகுத்திருக்கிறார்கள்: டிஸ்ட்ரெஸ், அர்ஜென்சி, சேஃப்டி. மேடே என்று மூன்று முறை சொல்லி அழைப்பது முதல் படியில். உயிருக்கோ கலத்துக்கோ கடுமையான ஆபத்து இப்போதே சூழ்ந்திருக்கிறது, உடனடி உதவி வேண்டும் என்றால் மட்டுமே அந்தச் சொல்லை எடுக்கலாம். இஸ்ரோ உருவாக்கிய, படகுகளில் வைக்கப்படும் 'டிஸ்ட்ரெஸ் அலர்ட் ட்ரான்ஸ்மிட்டர்' கருவியின் பெயரிலும் அதுவே இருக்கிறது. எஞ்சின் மக்கர் செய்து நேரமாகிறது என்றால் அது டிஸ்ட்ரெஸ் ஆகாது. தண்ணீர் ஏறி அமிழ்கிறது என்றால் ஆகும். மனத்துக்கு இச்சொல்லைப் பயன்படுத்தும்போதும் இதே அளவுகோல் கூடவே வருகிறது. வேதனை, உதவி தேவைப்படும் நிலை, தாங்கும் எல்லைக்கு அருகில் வந்துவிட்ட நிலை எல்லாம் அதில் உண்டு. கடன் நெருக்கியதால் வந்த விலைக்கு நிலத்தை விற்பதை 'டிஸ்ட்ரெஸ் சேல்' என்பதும், பழைய ஆங்கிலச் சட்டத்தில் வாடகை பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைப்பதற்கு டிஸ்ட்ரெஸ் என்றே பெயர் இருந்ததும் இந்த நெருக்குதலின் கிளைகள். எல்லை தாண்டியதாகக் கைதான மீனவர்களின் குடும்பங்கள் 'டிஸ்ட்ரெஸ்ட்' என்று எழுதலாம், மிகையில்லை. பேருந்தைத் தவறவிட்டதற்கு அப்படி எழுதினால் சிரிப்பார்கள்.

ட்ரபுள்ட் என்ற சொல்லை நம் இளைஞர் தம் பட்டியலில் சேர்க்கவில்லை, ஆனால் தமிழருக்கு இதைப் புரியவைப்பதுதான் எளிது. கலங்கிய நீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ட்ரபுள். நம் கலக்கமும் கலங்கு என்ற வினையிலிருந்து பிறந்தது. தெளிந்த நீர் சேறாவதும் கலங்கல், மனம் தெளிவிழப்பதும் கலங்கல். குட்டையைக் குழப்பி மீன் பிடிப்பது என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் 'ட்ரபுள்ட் வாட்டர்ஸ்' என்று வைத்துச் சொல்வார்கள். இந்த ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். நீரைப் பார்த்து வாழ்ந்த எந்த மக்களுக்கும் தோன்றக்கூடிய ஒன்றுதான். வாடைக் காலத்தில் ஆழம் குறைந்த பாக் விரிகுடா ஒரு வாரத்துக்கு மண் நிறமாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு ட்ரபுள்ட் என்பதன் இன்னொரு குணமும் விளங்கும்: அது சட்டென்று வந்து போவது இல்லை, தங்கிவிடுவது. வொரீட் ஆன மனிதருக்குப் படகு வந்ததும் கவலை போய்விடும். 'எ ட்ரபுள்ட் மேன்' என்றால் அவருக்கு உள்ளே பல காலமாகத் தீராத ஏதோ இருக்கிறது. எழுத்து நடைக்கு அழகான சொல், விடுப்பு விண்ணப்பத்துக்குப் பொருந்தாது.

கன்சர்ன்ட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது கவலையைவிட அக்கறையைச் சொல்லும் சொல்; சொல்கிறவர் பதறவில்லை, பொறுப்போடு கவனிக்கிறார் என்ற தோற்றம் தரும். அரசுகள் ஒன்றுக்கொன்று எழுதும் கடிதங்களில் முதலில் கன்சர்ன், பிறகு சீரியஸ் கன்சர்ன், பிறகு கிரேவ் கன்சர்ன் என்று ஏறுவதைக் காணலாம். இளைஞர் கேட்ட வரிசை உண்மையாகவே இருக்கும் ஒரே இடம் அநேகமாக இதுதான். சரக்கு தாமதமானதைப் பற்றி வெளிநாட்டு வாங்குநருக்கு எழுத நேர்ந்தால் வொரீட், அப்செட் இரண்டையும் விட்டுவிட்டு 'கன்சர்ன்ட் அபவுட்' என்று எழுதுங்கள். 'கன்சர்ன்ட் வித்' என்று மாறினால் பொருளும் மாறிவிடும். அது, சம்பந்தப்பட்டது என்று ஆகிவிடும்.

மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அங்கே அஜிடேட்டட் என்பது பார்த்தவர் எழுதும் குறிப்பு: நோயாளி எழுந்து நடக்கிறார், குழாயைப் பிடுங்குகிறார், கையை ஓயாமல் ஆட்டுகிறார். ஆங்க்ஷஸ் என்பது பெரும்பாலும் நோயாளி சொல்லக் கேட்டு எழுதுவது. ரெஸ்ட்லெஸ் இரண்டுக்கும் நடுவில், 'இருப்புக் கொள்ளல' என்ற நிலை. 'நோ அக்யூட் டிஸ்ட்ரெஸ்' என்று குறிப்பில் இருந்தால் நோயாளி மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று பொருள் கொள்ளக் கூடாது. உடனே ஓடிவர வேண்டிய நிலையில் இல்லை என்பது மட்டுமே பொருள். ஆங்க்ஸைட்டி டிஸார்டர் என்பது நோயின் பெயர், அதைச் சொல்ல மருத்துவருக்கே உரிமை. பொதுவகைப் பதற்றக் கோளாறு என்று முடிவுசெய்ய, அடக்க முடியாத கவலை குறைந்தது 6 மாதங்கள் பெரும்பாலான நாள்களில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் உள்ள அளவு. நான் மொழி கற்பித்தவன், இதற்கு மேல் சொல்லத் தகுதி இல்லை. படகு வந்த பிறகும் தூக்கம் வராமல், நெஞ்சு படபடப்பு நிற்காமல் இருக்கிறவர்கள் எந்தச் சொல் என்று தேடுவதை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இனி, தகராறில் உள்ளவை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்ததும் கடலுக்குப் போகத் துடிக்கும் தொழிலாளர்களை 'ஆங்க்ஷஸ் டு கோ' என்று எழுதலாமா? எழுதலாம் என்பதே என் முடிவு. ஆவல் என்ற பொருளில் இச்சொல் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்கி வருகிறது. ஆனால் கவலை சிறிதும் இல்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது, ஈகர் என்றே எழுத வேண்டும் என்று கண்டிப்பு காட்டும் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் இன்றும் உண்டு. தேர்வு எழுதுகிறவர்கள் அவர்கள் பேச்சைக் கேட்பது நல்லது. ஆவலோடு கொஞ்சம் கவலையும் கலந்திருந்தால் இரு கட்சியாரும் ஒப்புவார்கள். தடை முடிந்து எஞ்சினை முடுக்கும் நாளில் டீசல் கடனும் சேர்ந்தே இருப்பதால், நம் மீனவர்கள் விஷயத்தில் இந்த வழக்கே எழாது. அதேபோல் நெர்வஸுக்குப் பின் 'அபவுட்' வருவது எங்கும் செல்லும். 'ஆஃப்' வருவது பிரிட்டிஷ் வழக்கில் அதிகம், அதிலும் நாய்க்குப் பயப்படுவதுபோல் எப்போதும் இருக்கும் கூச்சத்துக்கு வரும். நெய்தலுக்கு உரியதாக நம் முன்னோர் வைத்த இரங்கலுக்கு இப்பட்டியலில் எந்தச் சொல் என்று ஒரு மாணவி கேட்டதுண்டு. எதுவும் இல்லை, ஏனென்றால் அதில் கவலை பாதி, ஏக்கம் பாதி, ஆங்கிலத்தில் அவை இரண்டும் தனித்தனிச் சொற்களாகவே இருக்கின்றன.

கடைசியாக டென்ஷன். 'டேக் டென்ஷன்' என்பது இந்திய ஆங்கிலம். இதைப் பிழை என்று தள்ள எனக்கு மனமில்லை. இராமநாதபுரத்திலிருந்து தில்லிவரை எல்லாருக்கும் புரிகிற தொடர் அது, உள்நாட்டுப் பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளில் டென்ஷனை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அங்கே டென்ஷன் பெரும்பாலும் இருவருக்கிடையே அல்லது இரு நாடுகளுக்கிடையே நிலவும் இறுக்கம்; ஒருவர் மனத்துக்குள் இருப்பதைச் சொல்ல டென்ஸ் அல்லது ஸ்ட்ரெஸ்ட் என்பார்கள். அஜிடேஷன் என்ற சொல்லுக்கும் இதே நிலை. நமக்கு அது சாலை மறியலும் உண்ணாவிரதமும், அவர்களுக்கு முதலில் தோன்றுவது ஓரிடத்தில் நிற்க மாட்டாத மனிதரின் படபடப்பு. எனவே, ராமேசுவரத்தில் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்வதால் சரக்கு வரத் தாமதமாகும் என்று வெளிநாட்டு வாங்குநருக்கு எழுதும்போது அஜிடேஷன் வேண்டாம், ஸ்ட்ரைக் என்றே எழுதுங்கள்.